ஏறி இறங்க ஒரு கார்

எனக்குப் படிப்பு அஞ்சாம் வகுப்புதான். இதைச் சொல்ல நான் வெட்கப்பட்டதில்லை. சாத்தான்குளம் பக்கத்திலிருந்து ஒரு மாற்று வேட்டியோடு திருநெல்வேலிக்கு வந்தவன் முப்பது வயதில் இருநூறு மடக்கு நாற்காலிக்குச் சொந்தக்காரன். ஐம்பதில் அது மூவாயிரம். பந்தல், மேடை, அண்டா, ஜெனரேட்டர் எல்லாமே என்னிடம் வாடகைக்குக் கிடைக்கும். மேலப்பாளையத்தில் நிக்காஹ் என்றாலும் உவரியில் கோயில் திருவிழா என்றாலும் என் சாமான்தான் போகும். இந்த ஆற்றங்கரையில் நாற்பது வருஷமாகத் தாலி கட்டினவர்களில் பாதிப்பேர் என் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். வீடு, கடை, வேன் என்று வாங்கினதெல்லாம் ரொக்கம். கடன் என்று ஒருத்தன் படியில் போய் நின்றவன் இல்லை நான்.

அப்படிப்பட்டவன் போன வருஷம் ஒரு கார் லோனுக்காக நாற்பது நாள் அலைந்தேன். அந்த அசதி இன்னும் முதுகை விட்டு இறங்கவில்லை.

காரணம் என் மனைவி. பக்கவாதம் வந்து அவளுக்கு வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு வாரம் மூன்று நாள் பாளையங்கோட்டைக்கு பிசியோதெரபிக்குக் கூட்டிப்போக வேண்டும். “முதல் ஒரு வருஷத்துக்குள்ள வர்ற அசைவுதான் பெரும்பாலும் வரும். ஒரு நாளும் விட்டுறாதீங்க” என்று டாக்டர் சொல்லியிருந்தார். கோலை ஊன்றி அவள் பைய நடக்கத் தொடங்கியிருந்தாள். ஆனால் ஆட்டோவில் ஏற முடியாது. குனிய வேண்டும், காலைத் தூக்க வேண்டும். நான் ஒரு பக்கம் பிடிக்க, ஆட்டோக்காரர் இன்னொரு பக்கம் தூக்க வேண்டும். வேற்று ஆள் கை படுவது அவளுக்குச் சகிக்கவில்லை. வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். “இன்னைக்கு வேண்டாம்ங்க, உடம்பு அசதியா இருக்கு” என்பாள். முதல் மாதத்தில் ஒரு நாள் விட்டாள். அடுத்த மாதத்தில் மூன்று நாள். அதற்கு அடுத்த மாதம் நான் எண்ணவே பயந்தேன். என் சாமான் வேன் இருந்தது. அதன் படி அவள் முட்டிக்கு மேலே.

ஒரு காலத்தில் இரண்டு கார் வாங்க என் மடியிலேயே பணம் இருந்திருக்கும். கொரோனா இரண்டு வருஷம் கல்யாணத்தை எல்லாம் வீட்டுக்குள் வைத்துவிட்டது. வாங்கின அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தேன், அண்டாக்களை எடைக்குப் போட்டேன். மிச்சத்தில் பாதி ஆஸ்பத்திரியில் போனது. கையில் நின்றது நாலு லட்சம். இரண்டு பெண்மக்கள் கட்டிக்கொடுத்த இடத்தில் நன்றாக இருக்கிறார்கள். ஆனால் மாப்பிள்ளைமார் முன்னால் நான் எப்போதும் நிமிர்ந்து பேசியவன். அறுபத்தொன்பது வயதில் அங்கே போய்க் குனிய மனசு வரவில்லை.

பைபாஸில் வரிசையாக ஷோரூம்கள் இருக்கின்றன. மனைவியையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். முதல் ஷோரூமில் ஒரு பெண்பிள்ளை வந்து காரைச் சுற்றிச் சுற்றி விளக்கம் சொன்னாள். பெரிய திரை, பின்னால் கேமரா, மேலே திறக்கிற கண்ணாடி.

“அதெல்லாம் இருக்கட்டும் தாயி. கதவைத் திற. இவ உக்காந்து பாக்கணும்.”

அது சின்ன கார். ஏழு லட்சத்துக்குள் முடிந்துவிடும். நான் மனசுக்குள் அதையே முடிவு பண்ணியிருந்தேன். மனைவி உட்கார்ந்தாள், எழுந்திருக்க முடியவில்லை. இருக்கை அவ்வளவு தாழ்வு. நானும் அந்தப் பிள்ளையும் சேர்ந்துதான் தூக்கினோம்.

இப்படி ஏறி இறங்கி மூன்று ஷோரூம் பார்த்தோம். மூன்றாவதில் இருந்தது கொஞ்சம் உயரமான கார், இப்போது தெருவுக்கு நாலு நிற்கிறதே, அந்த மாதிரி. அவள் முதுகைக் காட்டி நின்றாள். இருக்கை சரியாக அவள் இடுப்புக்கு வந்தது. சாய்ந்தாள், உட்கார்ந்தாள். இடது கையால் வலது காலைத் தூக்கி உள்ளே வைத்தாள். பிறகு கதவைப் பிடித்து இறங்கவும் செய்தாள். யாரும் தொடவில்லை.

“இது” என்றாள்.

அந்த ‘இது’ பதினொரு லட்சத்து எட்டாயிரம். நாலு மணிநேரம் உட்கார்ந்து அதைப் பத்தரைக்கு இறக்கினேன். சீட் கவர், மேட், விளக்கு என்று முப்பத்திரண்டாயிரத்துக்கு ஒரு கட்டு சேர்த்திருந்தார்கள், வேண்டாம் என்றேன். இன்சூரன்ஸை வெளியே போட்டேன், பதினோராயிரம் குறைந்தது. கறுப்பு வண்டி ஒன்று விற்காமல் நின்றது. அதை எடுத்துக்கொள்கிறேன் என்றதும் பதினைந்தாயிரம் தள்ளினார்கள். கல்யாண வீட்டுப் பெரியாட்களிடம் நாற்பது வருஷம் பேரம் பேசினவன் நான். ஷோரூம் மேனேஜர் கடைசியில் தண்ணீர் குடித்தார். நானும் குடித்தேன். உண்மையைச் சொன்னால் எனக்குத் தலை சுற்றியது.

இனி ஆறரை லட்சம் கடன் வேண்டும். ஷோரூமிலேயே ஒரு மேஜை போட்டு பைனான்ஸ்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நல்ல சிரிப்பு.

“அண்ணாச்சி, பேங்க்ல ஒன்பதேகால் வட்டி சொல்லுவாங்க. நம்மகிட்ட ஏழுதான். ஒரே நாள்ல முடிச்சிரலாம்.”

“ஏழுன்னா எதுக்கு ஏழு?”

“ஆறரை லட்சத்துக்கு.”

“எத்தனை வருஷம்?”

“அஞ்சு வருஷமும் அதே ஏழு. ஏறவே ஏறாது.”

“நான் மாசாமாசம் அசலையும் சேத்துல்லா கட்டுதேன். நாலு வருஷம் கழிச்சு நான் தர வேண்டியது ரெண்டு லட்சம்கூட இருக்காது. அப்பவும் ஆறரைக்கே வட்டியா?”

“ஃப்ளாட் ரேட்டுன்னா அப்படித்தான் அண்ணாச்சி.”

“சரி, நான் ஒண்ணு சொல்லுதேன், கேளும். ஒருத்தர் நானூறு நாற்காலி மூணு நாளைக்கு எடுக்காருன்னு வையும். தாலி கட்டின அன்னைக்கே முன்னூறத் திருப்பி அனுப்பிட்டாரு. மிச்சம் நூறுக்குத்தான் நான் வாடகை கேப்பேன். நீரு நானூறுக்கும் கேக்கீரு.”

“எல்லாரும் இப்படித்தான் வாங்குதாங்க, அண்ணாச்சி.”

“எல்லாரும் நாற்காலி வாடகைக்கு விட்டவங்க இல்லல்லா.”

அவர் சிரிப்பை மடித்து வைத்துவிட்டு ஃபைலை மூடினார். நான் விரல் விட்டே கணக்குப் போட்டுவிட்டேன். அவருடைய ஏழில் மாதத் தவணை பதினாலாயிரத்து அறுநூற்றுச் சொச்சம். பேங்கில் பிறகு விசாரித்தேன், ஒன்பதேகாலில் பதிமூவாயிரத்து ஐநூற்றுச் சொச்சம். அஞ்சு வருஷத்தில் அறுபத்துமூவாயிரம் வித்தியாசம். கார் வாங்கப் போகிறவர்கள் கையில் கால்குலேட்டர்கூட வேண்டாம். கட்டி முடித்த அசலுக்கும் வட்டி உண்டா என்று கேட்டால் போதும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அதன் பிறகு தினமும் போன். முன்பணமே வேண்டாம் என்றார் ஒருத்தர். முதல் வருஷம் பாதித் தவணை கட்டினால் போதும் என்றார் இன்னொருத்தர், அடுத்த வருஷத்திலிருந்து தவணை ஏறுவதைப் பற்றி மூச்சு விடவில்லை. சாப்பிடும்போது ஒரு அழைப்பு, படுக்கும்போது ஒரு அழைப்பு. அந்த வாரமும் மனைவி ஒரு நாள் பிசியோதெரபிக்குப் போகவில்லை.

கடைசியில் அவள் கணக்கு வைத்திருக்கிற பேங்குக்கே போனோம். லோன் மேஜையில் நடுவயதுப் பெண் அதிகாரி. மனைவியைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். எனக்கு அப்போதே மரியாதை வந்துவிட்டது. என் பான் கார்டை வாங்கிக் கம்ப்யூட்டரில் தட்டினார்.

“ஐயா, உங்க கடன் ஸ்கோர் மைனஸ் ஒண்ணுன்னு வருது.”

“மைனஸ்னா? பூஜ்யத்துக்கும் கீழயா?”

“அப்படியில்ல. நீங்க எங்கயும் கடன் வாங்கினதே இல்ல. அதனால உங்களைப் பத்தி இதுல ஒண்ணுமே இல்ல.”

“வாங்காதது நல்லதுதானம்மா?”

“நல்லதுதான் ஐயா. ஆனா வாங்கினா கட்டுவீங்களான்னு இதுக்குத் தெரியாது. வயசும் இடிக்குது. எழுபதுக்குள்ள லோன் முடியணும்.”

வருமானச் சான்று கேட்டார். நான் வரி கட்டுகிற அளவுக்குக் கணக்கைக் காகிதத்தில் வைத்தவன் இல்லை. வாடகைக்கு விட்டிருக்கிற மூன்று கடை எங்களுக்கு உண்டு. நான் கட்டினதுதான். ஆனால் எதற்கும் இருக்கட்டும் என்று அவள் பேரில் பதிந்தேன். வாடகை இருபத்துநாலாயிரமும் அவள் கணக்கில்தான் விழும். வீட்டுப் பத்திரமும் அவள் பேர்தான். ஊருக்குள் என்னைத் தெரியாத மண்டபம் கிடையாது. அந்த மேஜையில் மட்டும் நான் யாரும் இல்லை.

“அம்மாவுக்கு அறுபத்திரண்டுதான? அம்மா கார்டைக் குடுங்க.”

தட்டினார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னொரு முறை பார்த்தார். “எழுநூத்து எண்பத்தொன்பது. ரொம்ப நல்ல ஸ்கோர் ஐயா. பன்னிரண்டு கடன். எல்லாம் கட்டி முடிச்சது. ஒரு தவணைகூடத் தவறல.”

நான் மனைவியைப் பார்த்தேன். “நீ எப்பளா கடன் வாங்கின?”

“மகளிர் குழுவுல.” அவளுக்குப் பேச்சு கொஞ்சம் குழறும். ஆனால் அன்றைக்குத் தெளிவாக வந்தது.

“எதுக்கு?”

“ஆடி மாசத்துக்கு.”

இதை வெளியாட்களுக்கு விளக்க வேண்டும். ஆடியில் கல்யாண முகூர்த்தம் கிடையாது, மார்கழியிலும் கிடையாது. எங்கள் தொழிலில் அந்த மாதங்களில் வரவு என்று ஒன்றும் இராது. ஆனால் என் எட்டு ஆட்களுக்கும் வாராவாரம் கூலி கொடுத்தேன். வேறு எந்தப் பந்தல்காரனும் கொடுத்ததில்லை என்று மேடை போட்டுச் சொல்லியிருக்கிறேன். பணம் குறையும்போது மனைவி உள்ளே போய் எடுத்து வருவாள். சேர்த்து வைத்தது என்பாள். சிக்கனக்காரி என்று அவளையும் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அவள் ஆடியில் வாங்கி, ஆவணியிலிருந்து வீட்டுச் செலவில் பிடித்துக் கட்டியிருக்கிறாள்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?”

“சொன்னா விட்டிருப்பியளா? கடன் வாங்கின வீட்டுல சோறு திங்க மாட்டேம்பிய. எட்டுப் பேரும் அடுத்த மாசம் வேற பந்தலுக்குப் போயிருப்பானுவ.”

அதிகாரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். கோபப்படுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே. “அப்ப இவ பேருலயே போடுங்கம்மா” என்றேன்.

அதோடு முடியவில்லை. பேங்கில் இருக்கிற அவள் கையெழுத்து, கை நன்றாக இருந்த காலத்தில் போட்டது. இப்போது வலது கையில் பேனா நிற்காது. “டாக்டர் கடிதம் வாங்கிட்டு வந்து பெருவிரல் ரேகை வச்சிரலாம்மா, அது ஈஸி” என்றார் அதிகாரி.

“கைநாட்டு வைக்க மாட்டேன்” என்றாள் இவள். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணினவள்.

“ஏளா, வச்சிட்டுப் போவோம். அங்கன கறுப்பு வண்டிய வேற ஆள் கேக்காங்கன்னு போன் மேல போன் வருது. உனக்கும் நாள் போகுது.”

“நீங்க ஒரு கையெழுத்துப் போட அரை நாள் ஆகும். நான் என்னைக்காவது கைநாட்டு வைங்கன்னு சொல்லியிருக்கனா?”

அதிகாரி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு வழி சொன்னார். டாக்டர் கடிதத்தோடு இடது கையில் புதுக் கையெழுத்தைப் பதிந்துகொள்ளலாம். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

ஷோரூமில் பத்தாயிரம் முன்பணம் கட்டி வண்டியை நிறுத்தி வைத்தேன். இவள் ஒரு வாரம் சாப்பாட்டு மேஜையில் பழைய ரசீதுத் தாள்களின் பின்பக்கத்தில் இடது கையால் எழுதினாள். நான் தேங்காய் துருவினேன், சோறு வடித்தேன். மூன்று நாளும் ஆட்டோவில் பாளையங்கோட்டைக்குப் போய்வந்தோம். அந்த வாரம் அவள் ஒரு நாள்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை, அதையும் எழுதிவிட வேண்டும்.

கையெழுத்து வேண்டிய இடங்கள் இருபத்துமூன்று. காலை பதினொன்றுக்குத் தொடங்கினாள். ஒவ்வொன்றையும் ஒரு எறும்பு ஊர்கிற வேகத்தில் போட்டாள். பதினேழாவதில் கை நின்றுவிட்டது. விரலை நீட்டி மடக்கிவிட்டேன். அதிகாரி சாப்பிடப் போகாமல் உட்கார்ந்திருந்தார். மூன்று மணிக்கு முடிந்தது. இருபத்துமூன்று இடத்தில் ஒன்றுகூட எனக்கு இல்லை. நான் தண்ணீர் பாட்டில் வாங்கிவந்தேன், அவ்வளவுதான் என் வேலை.

ஒன்பதாம் நாள் வண்டி வந்தது. அடுத்த நாள் பிசியோதெரபி. விட்டுப்போன நாட்கள் மொத்தம் பதினொன்று. அதனால் எந்த அசைவு வரும், எது வராது என்று டாக்டரும் சொல்ல மாட்டார். அவர் சொன்ன ஒரு வருஷத்தில் இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கப் போனேன்.

“நீங்க அங்கனயே இருங்க” என்றாள்.

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தேன். அவள் கதவைத் திறந்து, முதுகைக் காட்டி நின்று, உட்கார்ந்தாள். பின்னால் ஒரு மினி பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. அவள் அவசரப்படவில்லை. வலது காலைத் தூக்கி உள்ளே வைத்தாள், இடது கால் தானாக வந்தது. கோலை வாங்கி நான் பின்னால் வைத்தேன். கதவை இழுத்தாள், சரியாக மூடவில்லை. பஸ் மறுபடியும் ஹாரன் அடித்தது. உடம்பைச் சாய்த்து இன்னொரு தடவை இழுத்தாள். மூடிக்கொண்டது.

“ம், போங்க” என்றாள்.