இன்னிக்கு எங்களுக்குப் பாடு இல்ல

கோட்டைக்குப்பத்துக்கு மாற்றலாகி வந்த நாளிலிருந்தே எனக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் ஆகாது. அதில் யாரோ எப்போதும் ஆப்பிள் வாங்கிப் பங்கு போட்டுக்கொண்டிருப்பார்கள். வகுத்தல் என்றதும் என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வாயில் கொழுக்கட்டையோடு உட்கார்ந்துவிடுவார்கள். மூன்றாவது வரிசையில் ஒருத்திக்கு வாயே கிடையாது. அவள் அம்மா வாசலில் நின்று சொல்லிவிட்டார்: "கணக்கு வரலன்னா இன்னாத்துக்கு டீச்சர் படிப்பு? எட்டோட நிறுத்திட்டு எறா உரிக்கிற கம்பெனிக்கு அனுப்பிடறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆப்பிளைத் தூக்கிப் போட்டேன். ஏரியில் எந்த நாள் எந்த மீனவக் கூட்டம் வலை போடலாம் என்று ஊர் வைத்திருக்கும் முறைக்கு இங்கே பாடு என்று பெயர். வகுப்பின் மூன்று வரிசைகளையும் மூன்று கூட்டமாக்கினேன். ஒன்றாம் தேதி முதல் வரிசைக்குப் பாடு, மறுநாள் இரண்டாவதுக்கு, அதற்கடுத்த நாள் மூன்றாவதுக்கு, திரும்பவும் முதலிலிருந்து. தேதியை மூன்றால் வகுத்து மீதியைப் பார்த்தால் யாருக்குப் பாடு என்று தெரிந்துவிடும். அந்த வாரம் முழுக்க வகுப்பில் ஒரே மீன்பிடிச் சண்டை. எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம்.

இப்படி நடத்தலாமா கூடாதா என்று பார்க்கப் பொன்னேரியிலிருந்து அதிகாரி ஒருவர் வந்தார். பாட்டுப் பிரியர். எங்கள் வாயில்லாப் பூச்சியைப் பார்த்து, "எழுந்து பாடு" என்றார்.

அவள் எழுந்தாள். "இன்னிக்கு எங்களுக்குப் பாடு இல்ல சார். நாளிக்குத்தான்."

"பாடறதுக்கு நாள் பாக்கணுமா?"

"முறை தப்பினா சண்ட வந்துடும் சார்."

வகுப்பு வெடித்தது. நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அவளோ சிரிக்கவில்லை. அதிகாரிக்குப் புரியவில்லை என்று நினைத்து, கரும்பலகைக்கே போய்ச் சாக்பீஸை எடுத்துவிட்டாள். "ஒரு தேதி சொல்லுங்க சார்."

"இருபத்து மூணு. என் பிறந்த நாள்."

வகுத்தாள். "மீதி ரெண்டு. ரெண்டாவது வரிசைக்கு."

"அப்ப எனக்கு?"

"உங்களுக்குப் பாடே கிடையாது சார். நீங்க பொன்னேரி."

அதிகாரி கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இப்படியே நடத்துங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அவள் அம்மா மறுபடி வாசலில் நின்றார். பழைய பேச்சுதான் வரப்போகிறது என்று எழுந்து போனேன்.

"அவ நைனாவுக்கு எந்தத் தேதில பாடு விழும்னு வீட்ல கணக்குப் போட்டுச் சொல்றா டீச்சர். அவ படிக்கட்டும். கம்பெனிக்கு நான் போறேன்" என்றவர், போகிற போக்கில் திரும்பிச் சொன்னார். "இப்ப அவ பாடு."

அன்று பள்ளிக்கூட மணியை நானே அடித்தேன், நேரத்துக்கு முன்னாலேயே.