மச்சானுக்குக் கிடைத்த டென்மார்க் ஆர்டர்

ஊரில் யார் முன்னுக்கு வந்தாலும் முகம்மது நூகுவுக்குச் சந்தோஷம்தான், தங்கை மாப்பிள்ளை சுஃபியானைத் தவிர. சிவகாசியில் இருவருக்குமே நோட்டுப் புத்தகம் அடிக்கிற அச்சாபீஸ். நூகுவிடம் மூன்று மிஷின், சுஃபியானிடம் ஒன்று. அப்படி இருந்தவரை மச்சான் தோளில் கைபோட்டுக்கொண்டுதான் நூகு கடைத்தெருவில் நடப்பார்.

அப்புறம் ஐரோப்பாக்காரர்களோடு வியாபார ஒப்பந்தம் என்று பேச்சு வந்தது. வரி குறையுமாம். ஆனால் காகிதம் எந்தக் காட்டு மரம், மிஷின் கழுவின கழிவு எங்கே போகிறது என்பதற்கெல்லாம் பதில் சொல்லியாக வேண்டுமாம். டென்மார்க் கம்பெனி ஒன்று இருவருக்கும் நாற்பது பக்கக் கேள்வித்தாள் அனுப்பியது.

நூகு வயிறு குலுங்கச் சிரித்தார். "மரத்தோட அத்தா பேரையும் கேப்பாக போலயே!"

சுஃபியான் சிரிக்கவில்லை. உட்கார்ந்து நாற்பது பக்கத்தையும் நிரப்பினான். மைக் கழிவைப் பீப்பாயில் மூடிவைத்து, எடுத்துப்போகும் லாரிக்குக் கொடுத்தான். ஆர்டர் அவனுக்குப் போனது. ஆறே மாதத்தில் நாரணாபுரம் ரோட்டில் புதுக் கட்டடம்.

திறப்பு விழாவுக்கு நூகு போகவில்லை. மூட்டுவலி என்று சொல்லிவிட்டார். தங்கை யாஸ்மின் பிரியாணி கொடுத்துவிட்டாள். உப்பே இல்லை என்று குறை சொல்லிக்கொண்டே இரண்டு தட்டு சாப்பிட்டார். தின்ற சோறு செரித்தது, அந்தக் கட்டடம்தான் செரிக்கவில்லை.

கேள்வித்தாளின் கடைசிப் பக்கத்தில், கழிவு விஷயமாக யார் வேண்டுமானாலும் புகார் அனுப்பலாம் என்று ஒரு முகவரி இருந்தது. பெயர்கூட வேண்டாம். நூகு சுஃபியான் மேல் அதற்கு எழுதினார். நம்பும்படியாக இருக்க வேண்டுமே என்று விவரமாகவே எழுதினார்: வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆ தொழுகைக்கு முன்னால், பதினோரு மணிக்கு, பின்பக்கத் தகரக் கதவைத் திறந்து மைக் கழிவை ஓடையில் ஊற்றுகிறார்கள்.

பத்து நாள் கழித்து சுஃபியான் போனில் கூப்பிட்டான். "மச்சான், அம்புட்டு நோட்டையும் என்னால அடிக்க முடியாது. பாதிய உங்களுக்குன்னு எழுதிக் குடுத்திருக்கேன். கம்பெனில இருந்து பாக்க வாராக. நீங்களும் வந்துருங்க."

அவர்கள் வந்த அன்றுதான் நூகு அந்தக் கட்டடத்துக்குள் முதன்முதலாகக் கால் வைத்தார். வாசலில் டென்மார்க் லோடு ஏற்றிய லாரி நின்றது. சென்னையிலிருந்து வந்திருந்த லட்சுமிகாந்தம் என்ற அம்மாள், கம்பெனியின் சார்பில் சோதிக்க வந்தவர், மூலை முடுக்கெல்லாம் பார்த்துவிட்டுப் புகாரை எடுத்து வாசித்தார்.

"இங்க பின்பக்கம் வெறும் சுவர்தானே இருக்கு? கதவை எடுத்துட்டீங்களா?"

"இந்தக் கட்டடத்துல பின்பக்கம் கதவே வச்சதில்லம்மா. நாங்க மிஷின் கழுவுறதும் சனிக்கிழமதான்," என்றான் சுஃபியான்.

"இவ்வளவு விவரமா எழுதியிருக்காங்களே. விசாரிச்சு முடியற வரைக்கும் லோடு கிளம்பக் கூடாது. அடுத்த ஆர்டரும் சந்தேகம்தான்."

சுஃபியான் திரும்பி நூகுவைப் பார்த்தான். தகரக் கதவும் ஓடையும் யார் அச்சாபீஸில் இருக்கின்றன, வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு யார் மிஷின் கழுவுகிறார் என்பது அவனுக்குத் தெரியாதா? நூகு தான் அறிந்ததைத்தான் எழுதியிருந்தார். அவர் அறிந்தது அவருடைய அச்சாபீஸ் ஒன்றைத்தான்.

சுஃபியான் பார்வையை எடுத்துக்கொண்டான். மச்சானைக் காட்டிக்கொடுக்கவில்லை. கதவோரம் நின்ற யாஸ்மினின் முகம் வெளிறிப்போயிருந்தது.

தங்கையைப் பார்த்த நூகு, அந்த அம்மாள் முன்னால் போய் நின்றார். "எழுதுனது நாந்தாம்மா," என்றார். "ஓடையில ஊத்துறதும் நாந்தான். அந்தக் கதவு என் ஆபீஸ்ல இருக்கு. வாங்க, காட்டுறேன்."

அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பாதி ஆர்டருக்காகப் பட்டியலில் சேர்த்திருந்த நூகுவின் பெயரை அடித்துவிட்டு, லாரி போகலாம் என்றார்.

சுஃபியான் சட்டையைப் பிடிப்பான், நாலு வார்த்தை கேட்பான் என்று நூகு தலைகுனிந்து நின்றார். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டான். "உக்காருங்க மச்சான். மூட்டுவலியோட எம்புட்டு நேரம் நிப்பீக?"

இம்புட்டுப் பெரிய மனசு இவனுக்கு எப்படி வந்தது? அதை நினைக்கத்தான் நூகுவுக்கு வயிறு பற்றி எரிந்தது.