இரண்டு ஏக்கருக்கு நான்கு டிராக்டர்

என் மகள் பாலவனத்தத்தில் வீட்டிலிருந்தபடியே மதுரைக் கம்பெனி ஒன்றுக்குச் செயலி எழுதுகிறாள். போன ஆவணியில், டிராக்டரை வாடகைக்குப் பிடிக்கும் செயலி ஒன்றை எழுதி, போனில் போட்டு என்னிடம் நீட்டினாள்.

"எப்படி இருக்குப்பா?"

"நல்லாருக்கும்மா."

எதற்கும் அப்படித்தான் சொல்வேன். தைத்து வந்த சட்டையில் கை நுழையாவிட்டாலும் நல்லாருக்கு என்று வாங்கிவந்துவிடுவேன்.

அவள் எதிரே உட்கார்ந்தாள். "அப்பா, எத்தனை வேலை முடிச்சேன்னு மட்டும் கம்பெனில எண்ணல. குடுத்த பெறகு எத்தனை திரும்பி வருதுன்னும் எண்ணுவாக. வந்தா எனக்கு மார்க்குல கழிவு. இந்தத் தடவை மார்க் குறைஞ்சா ஆபீஸுக்கே வான்னுருவாக. குடுக்கிறதுக்கு முந்தி எத்தனை தப்பு சொன்னாலும் கழிவு கெடையாது. சொல்றதை இப்பவே சொல்லிருங்க."

அவள் மதுரை விடுதிக்குப் போய்விட்டால் சாயங்கால டீக்கு எனக்குப் பேச்சுத்துணை இல்லை. மறுநாள் போனோடு எங்கள் புஞ்சைக் காட்டுக்குப் போனேன். உழவுக்குப் பதிகிற பொத்தானை அழுத்தினேன். வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. மறுபடி அழுத்தினேன், மறுபடியும், மறுபடியும். வேப்பமர நிழலுக்கு வந்து பார்த்தால், எங்கள் இரண்டு ஏக்கருக்கு நான்கு டிராக்டர் வருவதாகக் காட்டியது.

எப்படிச் சொல்வதென்று வழியெல்லாம் மென்று முழுங்கிக்கொண்டே வந்தேன்.

"நல்லாருக்கும்மா. ஆனா..."

"ஆனாவா?" அடுப்படியிலிருந்து என் மனைவி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"நாலு டிராக்டர் வருது."

மகள் துள்ளிக் குதித்தாள். "சூப்பருப்பா! இன்னொண்ணு சொல்லுங்க."

"வெயில்ல எழுத்து தெரியலை."

சரிசெய்துதான் ஒப்படைத்தாள். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. வீட்டிலேயே இருந்து வேலை பார்க்கலாம் என்று கம்பெனியில் சொன்ன அன்று, அந்தச் சந்தோஷத்தில் எனக்கு வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது.

"குழம்புல உப்பு கூட."

மனைவி இடுப்பில் கை வைத்தாள். "கல்யாணமான நாள்லருந்து இந்த நாக்கு எங்க போயிருந்துச்சு? தட்டுல ஊத்துன பெறகு சொன்னா எனக்குல்ல கழிவு!"

சிரித்துச் சிரித்து மகளுக்குப் புரையேறிவிட்டது.

மறுநாள் மத்தியானம் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மனைவி அடுப்படியிலிருந்து கரண்டியில் குழம்பை ஊதிக்கொண்டே வந்து என் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டாள்.

"இன்னும் ஒப்படைக்கல. இப்பச் சொல்லுங்க."

"புளி கொஞ்சம் பத்தலை" என்றேன்.

"கொழுப்புதான்" என்று சொல்லிவிட்டு, புளியைக் கரைக்கப் போனாள்.