வெள்ளைப் பட்டில் ஒரு சிவப்பு இழை

"...கேக்காம எதுக்குணா கரையில செவப்பு இழை வச்சீங்க? சர்ச்சுக்குக் கட்டிக்கினு போக முழு வெள்ளையாதானே கேட்டேன்?" நெய்து முடித்த பட்டுப் புடவையைக் கையில் பிடித்தபடி கல்யாணப் பெண் என் தறி முன்னால் நின்று கத்தினாள்.

"எங்க பக்கம் புருஷன் போனவங்கதாம்மா வெள்ளை கட்டுவாங்க. மனசு கேக்கல. ஒரு இழை சேத்துட்டேன்."

"எங்களுக்கு அது சந்தோஷத்துக்குக் கட்டறதுணா. அவங்களுக்கு மட்டும் உங்க மனசு கேட்டுச்சா?" மூலையைக் காட்டினாள்.

அங்கே வெள்ளைப் புடவையில் என் அக்கா நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். மாமா இறந்த பதினாறாம் நாள், பிறந்த வீட்டுக் கோடியென்று அந்த வெள்ளையை எடுத்துக் கொடுத்தவன் நான்தான். யார் வீட்டுப் பெண்ணுக்கோ இரங்கிய கை, கூடப் பிறந்தவளுக்கு ஒரு சிவப்பு இழை தரவில்லையே! என்மேலேயே எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"எனக்கு வேற நெய்ங்க" என்றவள், விடுவிடுவென்று போய் அந்தப் பட்டை அக்காவின் தோளில் போர்த்தினாள்.