பீடித் தட்டுகளுக்கு நடுவே ஒரு நூலகம்

தென்காசி பேருந்து நிலையத்தில் இன்று என்னருகில் வந்து அமர்ந்த பெண்ணின் கூடையிலிருந்து பீடித்தூளின் கார மணம் எழுந்ததும், சாரல் பிடித்துக்கொண்ட மாலைகளில் எங்கள் ஊர் நூலகத்தில் நிறைந்திருந்த அதே மணத்துக்குள் போய்விட்டேன். பீடி சுற்றும் பெண்கள் மண் சுமந்து, ஓடு கேட்டு வாங்கிக் கட்டிய ஒற்றை அறை அது. அவர்களில் ஒருவருக்கும் எழுத்து தெரியாது. மடியில் தட்டை வைத்து அவர்கள் இலை நறுக்க, எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன நான் நடுவில் உட்கார்ந்து கதை வாசிப்பேன். நான் சுற்ற வேண்டிய பீடியை அவர்கள் பங்கிட்டுச் சுற்றிவிடுவார்கள். சோகமான இடம் வந்தால் கத்தரிகள் எல்லாம் ஒன்றாக நின்றுபோகும்.

"ஏட்டி, இருமாம படி. அந்தப் பிள்ளைய வீட்டுக்குள்ள சேத்தாங்களா இல்லியா?" என்பாள் பொன்னுத்தாய் அத்தை.

"ஒங்க பொயிலத்தூளுதான் அவள இருமவைக்குது, மைனி," என்று அம்மா சிரிப்பாள்.

நான் திருநெல்வேலிக்குக் கல்லூரியில் சேரப் போனபோது, வீட்டை விட்டுப் போன பிள்ளையின் அந்தக் கதை பாதியில் நின்றது. வாசிக்க வேறு ஆள் இல்லை. பெண்கள் சில நாள் கதை இல்லாமலே அங்கே உட்கார்ந்து சுற்றிவிட்டு, பிறகு அவரவர் வீட்டிலேயே இருந்துவிட்டார்களாம். பூட்டிய அறையின் ஓடு சரிந்து, சாரலில் புத்தகங்கள் ஊறி, கடைசியில் சுவரும் விழுந்தது. படிப்பை முடித்து, வேலையும் வாங்கிக்கொண்டு பெருமையாக ஊருக்குப் போன அன்று, கதையின் முடிவைச் சொல்லட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"முடிவ நாங்களே பேசி வச்சிக்கிட்டோம்," என்றாள், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்தப் பிள்ள நல்லாப் படிச்சி, பெரிய வேலைக்குப் போயிட்டா. திரும்பி வரல."