அறுபத்தோராம் பக்கம்

தினேஸ்வரி மலேசியாவில் ஈப்போவுக்கு அப்பால், ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட தோட்டத்தில் பிறந்தவள். வயது முப்பத்திரண்டு. இடைநிலைப்பள்ளியில் கணக்கு ஆசிரியை. ஆறு ஆண்டுகளாக வார இறுதியில் தஞ்சோங் மாலிம் பல்கலைக்கழகத்துக்குப் பேருந்தேறிப் போய் முனைவர் ஆய்வு செய்தாள். ஆய்வேட்டை ஒப்படைத்த அன்றே அம்மா வீரம்மா கோயில் கமிட்டியிடம் சொல்லிவிட்டாள். பெரிய படிப்பு முடிக்கும் பிள்ளைக்குத் திருவிழாவில் பொன்னாடை போர்த்துவது அந்தத் தோட்டத்து வழக்கம்.

திருவிழாவுக்கு மூன்று நாள் முன்பு தேர்வாளரிடமிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது. அறுபத்தோராம் பக்கத்தில் உள்ள பிரிப்புகள் புள்ளிக்குப் புள்ளி தொடர்ச்சியாக மாறுகின்றனவா?

பனாக் வெளி என்னும் கணித வெளியில் மதிப்பெடுக்கும் தொடர்ச்சியான சார்புகளெல்லாம் சேர்ந்தால் இன்னொரு பெரிய வெளி. அதிலிருந்து ஒரு பகுதியைப் பிரித்தால் மிச்சமும் ஒழுங்கான துண்டாக நிற்குமா என்பதுதான் அவள் ஆய்வு. ஒவ்வொரு புள்ளியிலும் தனித்தனியே பிரித்துக் காட்டியிருந்தாள். அவற்றை ஒட்டினால் முழு வெளியும் பிரிந்துவிடும் என்றும் எழுதியிருந்தாள். ஆனால் அடுத்த புள்ளிக்குப் போகும்போது பிரிப்பு தாவிவிட்டால் ஒட்டு நிற்காது. நான்கு ஆண்டுகளுக்கு முன்பே அந்த இடத்தில் அவள் பேனா நின்றது. ‘இது தெளிவு’ என்று போட்டுவிட்டுக் கடந்தாள். அப்படி எழுதினால் யாரும் கேட்கமாட்டார்கள்.

திருவிழா அன்று மேடைக்குப் பின்னால் கமிட்டித் தலைவர் சுகுமாரனைப் பிடித்தாள்.

“அண்ணே, பொன்னாடை வேணாம். ஆய்வுல ஒரு இடம் தப்பு.”

“ஒரு இடம்தானே லா? பேனர் அடிச்சாச்சு, நம்ம தொகுதி வைபி வேற வாராரு. இங்க யாருக்கும்மா அது தெரியப் போவுது?”

அவளும் அன்றைக்கு அதைத்தான் நினைத்தாள். முகம் எரிந்தது.

மேடையில் மைக் கைக்கு வந்தது. “நான் இன்னும் டாக்டர் இல்லங்க. சந்தேகம் இருந்தும் மறைச்சு எழுதிட்டேன்.”

பலத்த கைதட்டல் எழுந்தது.

“எவ்ளோ அடக்கம் பாரு. நம்ம வீட்லயும் ஒன்னு இருக்கே, எஸ்பிஎம் பரீட்சை முடிச்சதுக்கே அந்த ஆட்டம்,” என்றாள் முன்வரிசைக் காளியம்மா.

சுகுமாரன் பொன்னாடையைப் போர்த்திவிட்டார். வீரம்மா மட்டும் கைதட்டவில்லை. மகளின் குரல் அவளுக்குத் தெரியும். தலைகுனிந்துகொண்டாள்.

தினேஸ்வரி காருக்குள் போய் உட்கார்ந்து, பொன்னாடையைக் கழற்றாமலே, கைப்பேசியில் தேர்வாளருக்கு எழுதினாள். ‘தொடர்ச்சிக்கு என்னிடம் நிரூபணம் இல்லை. எழுதும்போதே அது தெரியும்.’

மேடையில் சொன்னதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். இதைப் படிக்கப் போகிறவருக்குப் புரிந்துவிடும். அனுப்பினாள்.