சீனிப் பையோடு அகப்பட்டவர்

பிள்ளைகளே, ஒரு குளிர்கால ஆரம்பத்தில் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு மாடிக் குடியிருப்பில் இருக்கும் நண்பர் வீட்டுக்குப் போனேன். லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. உள்ளே நானும், சீனிப் பையை நெஞ்சோடு அணைத்த ஒரு அன்ரியும்தான். மணியை அழுத்தினோம், ஆள் வரவில்லை. அவர் கதவில் காதை வைத்துக் கேட்டபடியே நின்றார்.

"பயமா அன்ரி?"

"எனக்கென்ன பயம்? பல்கனியில ஒரு ஹம்மிங்பேர்ட், தேன் குடிக்கிற சின்னக் குருவி, பசியோட நிக்குது தம்பி."

"உதுகள் குளிருக்குப் பயந்து இப்ப தெற்க போயிருக்குமே?"

"நானும் அப்பிடித்தான் நினைச்சன். இங்கத்தைய குருவிதானே, தெற்க போகட்டும் எண்டு அதுக்கு வைக்கிற சீனித்தண்ணியை நிப்பாட்டிப்போட்டன். இண்டைக்குத்தான் வடிவாப் பார்த்தன். ரெண்டு சாதிக்கும் தொண்டை சிவப்புத்தான். ஆனா இங்கத்தையதுக்கு முதுகு பச்சை. இதுக்கு முதுகும் விலாவும் செங்கல் நிறம். மேற்கில இருந்து வழிதவறி வந்தது. இந்தக் குளிருக்கை எங்க போகும்?"

ஒருவழியாக லிஃப்ட் அசைந்து மேலே போய்க் கதவு திறந்ததும் ஓடினார். ஒரு செருப்பு லிஃப்டிலேயே கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு தேடிப் போனேன். ஒரு வீட்டுக் கதவு திறந்திருந்தது. ஒற்றைச் செருப்போடு பல்கனியில் நின்று, சீனித்தண்ணிப் போத்தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தார்.

அங்கே எந்தக் குருவியும் இல்லை. செருப்பை வாசலில் வைத்தேன். அவர் கை இறங்கவே இல்லை.